மன்றாடி

இன்று யாரிடமாவது ‘மன்றாடி’ என்று சொன்னால் அது வினையெச்சமாகத்தான் காதில் விழும். மன்றாடிக் கேட்டான், மன்றாடிப் பார்த்தாள், மன்றாடியும் மசியவில்லை. அதே வடிவத்தில் ஒரு பெயர்ச்சொல்லும் தமிழில் இருந்தது. அதற்கு மூன்று பேர் உரிமை கொண்டாடுகிறார்கள். ஒருவர் தில்லைப் பொன்மன்றில் ஆடுகிறவர். இன்னொருவர் கொங்கு நாட்டில் ஊர் வழக்குத் தீர்த்த பெரியவர். மூன்றாமவர் கையில் தொரட்டியோடு ஆட்டுக்குப் பின்னால் நடந்தவர். கடவுளையும் நாட்டாமையையும் மேய்ப்பனையும் ஒரே பெயரால் அழைத்த மொழி, அந்தப் பெயரின் வினையைக் கடைசியில் கெஞ்சுவதற்குக் கொடுத்துவிட்டது.

கால்நடை மேய்ப்பவர்களுக்குத் தமிழில் சொற்பஞ்சம் இல்லை. ஆவை உடையவர் ஆயர். கோவலர், அண்டர், குடவர், பொதுவர், தொறுவர் என்று நிகண்டுகள் அடுக்கிக்கொண்டே போகும். குறிஞ்சிக்கும் மருதத்துக்கும் இடைப்பட்ட நிலத்தில் இருந்ததால் இடையர் என்பது பலரும் சொல்லும் விளக்கம். சொல்லிக்கொடுக்க எளிதாக இருப்பதாலேயே பாடப்புத்தகத்தில் நிலைத்துவிட்டதோ என்று எனக்கு ஐயம் உண்டு. கோவலன் என்ற பெயரைச் சிலப்பதிகாரம் ஒரு வணிகன் மகனுக்குக் கொடுத்திருக்கிறது. அவனும் கடைசியில் மதுரைப் புறஞ்சேரியில் ஆயர்மகள் மாதரியின் வீட்டில்தான் மனைவியை விட்டுவிட்டுச் சிலம்பு விற்கப் போகிறான். இந்தச் சொற்களுக்கெல்லாம் தனித்தனிக் கதை உண்டு. ஆனால் மன்றாடி அளவுக்கு எதுவும் ஊர் சுற்றவில்லை.

மன்றாடியைச் சந்திக்க எளிய இடம் கோயில் சுவர். சோழர் காலக் கற்றளி ஒன்றின் அதிட்டானத்தைச் சுற்றி வந்தால் விளக்குக் கொடைகள் வரிசையாகக் கண்ணில் படும். அச்சடித்த படிவம்போல எல்லாம் ஒரே நடையில் இருக்கும். அரசன் பெயர், ஆட்சியாண்டு, நாடு, ஊர், இறைவன், கொடுத்தவர். பிறகு விஷயம்: இரவும் பகலும் அணையாமல் எரிய நந்தா விளக்கு ஒன்று, அதற்காக விட்ட சாவா மூவாப் பேராடு தொண்ணூற்றாறு, இந்த ஆடுகளைக் கைக்கொண்டு நாள்தோறும் உழக்கு நெய் அட்டக் கடவ மன்றாடி இன்னான். சந்திரனும் சூரியனும் உள்ளவரை.

சாகாத, மூப்படையாத ஆடு எங்கே கிடைக்கும்? எங்கும் கிடைக்காது. அந்தச் சொற்றொடர் ஆட்டைப் பற்றியதே இல்லை, கணக்கைப் பற்றியது. ஆடு சாகும், கிழடு தட்டும், நரி தூக்கும், நோய் அள்ளும். ஈன்ற குட்டிகளை வைத்து அந்த இடத்தை நிரப்பிக்கொள்ள வேண்டியது மன்றாடியின் பொறுப்பு. தொண்ணூற்றாறு என்ற எண் மட்டும் சாகக் கூடாது. இன்று வங்கியில் வைப்புநிதி போட்டு வட்டியை மட்டும் எடுத்து அறக்கட்டளை நடத்துகிறார்களே, அதே ஏற்பாடுதான். இங்கே முதல் நாலு காலில் நடந்தது, வட்டி நெய்யாக வந்தது. முதல் பெருகினால் பெருகிய குட்டி மேய்த்தவனுக்கு என்றுதான் கொள்ள வேண்டியிருக்கிறது. இல்லையென்றால் எவனும் தலைமுறை தலைமுறையாக இந்தச் சுமையை ஏற்றிருக்க மாட்டான்.

உழக்கு என்றால் கால் நாழி. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி. ஆண்டுக்கு 360 நாள் என்று வைத்தால் ஒரு விளக்கு குடிக்கும் நெய் 90 நாழி. சோழநாட்டுக் கல்வெட்டுகளில் ஒரு விளக்குக்கு 90 ஆடு என்றும் 96 ஆடு என்றும் இரண்டு கணக்கு அடிக்கடி வருகின்றன. 90 ஆடு, 90 நாழி: ஓர் ஆட்டுக்கு ஆண்டுக்கு ஒரு நாழி நெய். எந்தக் கல்வெட்டும் இப்படி வகுத்துச் சொல்லவில்லை, இது என் கணக்கு. ஆனால் இவ்வளவு சரியாக வகுபடும் ஓர் எண்ணை எவனும் குருட்டாம்போக்கில் பிடித்திருக்க முடியாது. மேலே உள்ள ஆறு ஆடு, சினைப்படாததற்கும் செத்ததற்குமாக விட்ட தள்ளுபடி என்று தோன்றுகிறது. செம்மறிப் பாலில் பசும்பாலைவிடக் கொழுப்பு கூடுதல் என்பதையும் இங்கே நினைவில் வைக்க வேண்டும். ஆட்டிலிருந்து நெய்யா என்று மூக்கைச் சுளிக்கிறவர்கள் பாலைப் பாக்கெட்டில் மட்டும் பார்த்தவர்கள்.

தஞ்சைப் பெரிய கோயிலில் இந்தக் கணக்கு இன்னும் விரிவாக இருக்கிறது. ஒரு விளக்குக்கு ஆடானால் 96, பசுவானால் 48, எருமையானால் 16. இரண்டு ஆடு ஒரு பசு, மூன்று பசு ஓர் எருமை. கலந்து கொடுத்தாலும் இந்த வாய்ப்பாட்டில் போட்டு ஒரு விளக்கைத் தேற்றிவிடுவார்கள். எந்த ஊர் இடையன் எத்தனை உருப்படி பெற்றான் என்று பெயர் பெயராகக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். பெருவேந்தன் ராஜராஜனின் பெயர் இருக்கும் அதே கல்லில், அதே உளியால், மேய்ப்பவன் பெயரும் இருக்கிறது. நெய்யை அளந்த மரக்காலுக்கு ‘ஆடவல்லான்’ என்று கூத்தப்பெருமானின் பெயரையே வைத்திருந்தார்கள். மன்றில் ஆடுகிறவன் பெயரிலுள்ள அளவையால், ஆடு மேய்ப்பவன் நெய் அளந்தான்.

பிற்காலச் சோழர் கல்வெட்டுகளில் வேறொரு வகை விளக்கும் உண்டு. வேட்டையில் குறி தவறி மனிதன்மேல் அம்பு பட்டுச் செத்தாலோ, வாய்ச்சண்டை கைகலப்பாகி எதிர்பாராமல் உயிர் போனாலோ, நாட்டார் கூடி விசாரித்து, கொன்றவன் கோயிலில் விளக்கு வைக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொல்வார்கள். தூக்கில் போடுவதில்லை, தொண்ணூற்றாறு ஆடு. இறந்தவன் பேரில் எரியும் அந்த விளக்குக்கான ஆடுகளும் மன்றாடியின் பட்டிக்குத்தான் வந்து சேரும். ஊர்க்கூட்டம் தீர்ப்புச் சொல்லும், மேய்ப்பவன் அதை நிறைவேற்றுவான். மன்றுக்கும் மன்றாடிக்கும் இடையில் இப்படி ஒரு நேரடிப் போக்குவரத்தே இருந்திருக்கிறது.

சரி, மன்று என்றால் என்ன? இன்று நீதிமன்றம், சட்டமன்றம், ஊராட்சி மன்றம், ரசிகர் மன்றம் என்று ஓயாமல் புழங்குகிறோம். கூரை, நாற்காலி, தீர்மானப் புத்தகம் எல்லாம் மனக்கண்ணில் வந்துவிடும். சங்கப் பாட்டுகளின் மன்றில் கூரையே கிடையாது. ஊர் நடுவில் ஒரு பெரிய மரம், அதன் அடியில் வெட்டவெளி. பலாவோ வேம்போ இருக்கும். பகலில் முதியவர்கள் உட்கார்ந்து பேசுவார்கள். பாணரும் கூத்தரும் வந்தால் அங்கேதான் இறங்குவார்கள். பொழுது சாய்ந்தால் அந்த இடம் கைமாறிவிடும். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் மாலை வருவதைச் சொல்லும்போது, கன்றுகளைக் கூப்பிட்டுக்கொண்டே பசுக்கூட்டம் மன்று நிறைய வந்து புகுவதையும் ஓர் அடையாளமாகச் சொல்கிறார். அகராதிகளில் மன்று என்ற பதிவின்கீழ் அவை, அறங்கூறும் இடம், நாற்சந்தி, தொழுவம், பசுக்கூட்டம் என்று பொருள்கள் வரிசையாக நிற்கும். படிக்கும்போது சம்பந்தமில்லாதவைபோல இருக்கும். ஒரே இடத்தைக் காலையிலும் மாலையிலும் போய்ப் பார்த்தால் எல்லாம் பொருந்திவிடும்.

சிலப்பதிகாரத்தில் ஆய்ச்சியர் குரவை தொடங்கும் இடத்தில் ஒரு சொல் வருகிறது: எருமன்றம். பால் உறையவில்லை, வெண்ணெய் உருகவில்லை, ஆனேற்றின் கண்ணில் நீர் வருகிறது என்று தீக்குறிகளைக் கண்ட மாதரி, கண்ணனும் பலராமனும் எருமன்றத்தில் ஆடிய கூத்தை ஆடுவோம் என்கிறாள். மாடு கட்டி எரு மேடிட்ட மன்று அது. இளங்கோ பூசிமெழுகாமல் எருவைச் சொல்லின் முன்னாலேயே வைத்துவிட்டார். மாயோன் ஆடியது எருமன்றம், சேயொளி மேனியன் ஆடியது பொன்மன்றம். இரண்டும் மன்றுதான். சைவர்கள் பிற்காலத்தில் தங்கள் மன்றுக்குப் பொன் வேய்ந்துவிட்டார்கள். அதனால் அடியில் எரு இருந்ததை நாம் மறந்துபோனோம்.

இதற்கு நீலகிரியில் உயிருள்ள சான்று இருக்கிறது. தோடர் குடியிருப்பைப் பக்கத்திலுள்ள தமிழர்கள் அழைக்கும் பெயர் மந்து. உதகையில் தாவரவியல் பூங்காவுக்கு மேலே ஒரு மந்து, முத்தநாட்டில் கூம்புக் கூரைக் கோயிலோடு ஒரு மந்து. சில வளைகூரை வீடுகள், எருமைத் தொழுவம், புனிதமான பால்மனை, சுற்றிலும் புல்வெளி. குடியிருப்பும் தொழுவமும் வழிபாட்டிடமும் ஒரே சொல்லுக்குள் அடங்கிக் கிடக்கின்றன. 1930-களில் நீலகிரியில் தங்கித் தோட மொழியையும் கோத்த மொழியையும் ஆராய்ந்த எமனோவும், அவரோடு சேர்ந்து திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியைத் தொகுத்த பர்ரோவும், தோடரின் இந்தச் சொல்லைத் தமிழ் மன்று இருக்கும் பதிவிலேயே சேர்த்திருக்கிறார்கள். அந்தப் பதிவில் கோத்தர் சொல்லுக்குக் கூட்டம், அவை என்ற பொருள். தோடர் சொல்லுக்குப் பால்மனையோடு கூடிய ஊர் என்ற பொருள். ஒரே மலையில் பக்கத்துப் பக்கத்தில் வாழும் இரண்டு சமூகத்தார், மன்றின் இரு பாதிகளை ஆளுக்கொன்றாக வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஊட்டியின் பெயரும் இப்படி வந்ததுதான். 1821-இல் ஆங்கில ஏட்டில் அது ‘வோட்டோக்கிமண்ட்’ என்று பதிவானது. கடைசியில் இருக்கும் மண்ட், நம் மந்து. பிறகு அதைத் தமிழில் எழுதவந்தவர்களுக்கு மந்து என்ற சொல் எளிமையாகப் பட்டிருக்க வேண்டும்; மண்டலம் ஆக்கி உதகமண்டலம் என்று பெயர்ப்பலகை வைத்தார்கள். எருமைத் தொழுவம் ஒன்று ஒரு மாகாணத்தின் கோடைத் தலைநகராகப் பதவி உயர்ந்தபோது பெயருக்கும் சட்டை மாட்டிவிட்டார்கள்.

இனி, மன்று + ஆடி. இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். மன்றில் ஆடு வைத்திருப்பவன் மன்றாடி என்று ஒரு விளக்கம் சொல்லப்படுகிறது. கேட்பதற்கு அழகு, ஆனால் இலக்கணம் இடிக்கிறது. ஆட்டுக்குப் பழந்தமிழ் வடிவம் யாடு. யானை ஆனையாகவும் யாமை ஆமையாகவும் யாண்டு ஆண்டாகவும் ஆனதுபோல யாடும் தலையிலுள்ள யகரத்தை உதிர்த்து ஆடு ஆயிற்று. சொல் யாடு என்று இருந்த காலத்தில் மன்றோடு சேர்ந்திருந்தால், குற்றியலுகரம் இகரமாகி ‘மன்றியாடி’ என்று நின்றிருக்கும். அப்படி ஒன்று கண்ணில் பட்டதில்லை. சோழர் காலத்தில் ஆடு என்றே வழங்கிவிட்டதால் இந்த வாதம் ஒன்றே முடிவாகிவிடாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் கோயில் பட்டியல்களில் அதே குடியினர் பசுவும் எருமையும்கூட ஏற்றிருக்கும்போது ஆட்டை மட்டும் வைத்து அவர்களுக்குப் பெயர் அமைந்திருக்கும் என்பது ஒட்டவில்லை.

ஆடி என்பது ஆடுதல் என்னும் வினையின் ஆள். தமிழில் இந்த ஆடுதல் கூத்துக்கு மட்டும் உரியதன்று. நீராடுகிறோம், வேட்டையாடுகிறோம், சொல்லாடுகிறோம், வழக்காடுகிறோம், போராடுகிறோம். ஒன்றில் இறங்கி அதைத் தொடர்ந்து செய்வதற்கெல்லாம் ஆடுதல்தான். மன்றில் என்ன வேலையோ அதைச் செய்பவன் மன்றாடி. சிவனுக்கு மன்றில் வேலை கூத்து. ஊர்ப் பெரியவருக்கு மன்றில் வேலை பேச்சு. இடையனுக்கு மன்றில் வேலை, பொழுது சாயும்போது ஊர் மாட்டை உள்ளே விட்டு எண்ணுவது, விடியும்போது எண்ணி வெளியே ஓட்டுவது. மூவரும் ஒரு சொல்லைத் திருடிக்கொள்ளவில்லை. ஒரு திடலைப் பங்கிட்டுக்கொண்டார்கள்.

இந்த எண்ணத்துக்கு இன்னொரு துணை, பொதுவர். கலித்தொகையில் ஏறு தழுவும் இளைஞர்களுக்கு இந்தப் பெயர் வருகிறது. குறிஞ்சிக்கும் மருதத்துக்கும் பொதுவான நிலத்தவர் என்று உரை சொல்வார்கள். எனக்கு அது வளைத்துச் சொல்வதாகவே படுகிறது. பொது என்பது மன்றுக்கு இன்னொரு பெயர். தில்லை மன்றையும் பொது என்றே பாடியிருக்கிறார்கள். பொதுவில் ஆடுபவன் கூத்தன் என்றால், பொதுவில் மாடு அடைப்பவர் பொதுவர். அம்பலமும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான்: ஒருபக்கம் அம்பலவாணர், இன்னொரு பக்கம் சிவகங்கை, மதுரைப் பக்கத்து ஊர்களில் இன்றும் முதல் மரியாதை வாங்கும் அம்பலக்காரர்.

மன்றின் பேச்சுப் பக்கத்துக்கு மானூர்க் கல்வெட்டைவிட நல்ல சான்று இல்லை. திருநெல்வேலிக்கு வடக்கே உள்ள மானூரில் ஏறத்தாழ கி.பி. 800-ஐ ஒட்டிப் பாண்டியன் மாறன் சடையன் காலத்தில் ஊர் மகாசபை தனக்குத்தானே போட்டுக்கொண்ட சட்டம் அது. யார் சபையில் கலந்துகொண்டு பேசலாம் என்பதற்கு நிலப்பங்கு, கல்வி, ஒழுக்கம் என்று தகுதிகள் வகுக்கிறார்கள். அப்படிக் கலந்துகொள்வதற்கு அவர்கள் வைத்திருக்கும் சொல் மன்றாடுதல். தகுதியுள்ளவரே மன்றாட வேண்டும், மற்றவர் மன்றாடக் கூடாது. வந்த தீர்மானத்தையெல்லாம் ‘அன்று, அன்று’ என்று தட்டிக்கழித்துக் காரியத்தைக் கெடுப்பவருக்கும், அவருக்குத் துணை நிற்பவருக்கும் ஆளுக்கு ஐந்து காசு தண்டம். சட்டமன்ற நேரலை பார்க்கிற நமக்கு அந்த ஐந்து காசு விதி ஏன் வழக்கொழிந்தது என்று ஏக்கமாகக்கூட இருக்கலாம். மானூரில் மன்றாடுவது அதிகாரம். தகுதி இல்லாதவனுக்குக் கிடைக்காத அதிகாரம்.

அரசின் வரிப்பட்டியலிலும் மன்றும் மேய்ப்பும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. நாகப்பட்டினத்துப் பௌத்தப் பள்ளிக்கு ஆனைமங்கலத்தைக் கொடுத்த செப்பேட்டில், விட்டுக்கொடுத்த வரிகளின் நீண்ட வரிசையில் இடையரிடம் வாங்கும் இடைப்பாட்டம் இருக்கிறது. ஆட்டுக்கான இறை இருக்கிறது. நல்ல பசுவையும் நல்ல எருதையும் அரசு எடுத்துக்கொள்ளும் நல்லா, நல்லெருது இருக்கின்றன. ஊர் மன்றில் விதிக்கும் தண்டத்தால் வரும் மன்றுபாடும் அங்கேயே இருக்கிறது.

பேச்சுப் பக்கத்து மன்றாடி கொங்கில் பட்டப் பெயராக நின்றுவிட்டது. காங்கயத்துக்குப் பக்கத்தில் பழையகோட்டைப் பட்டக்காரர்கள் மன்றாடியார் என்ற பட்டத்தைப் பெயரோடு சேர்த்து எழுதுகிறார்கள். மலையைத் தாண்டிப் பாலக்காட்டுக்குப் போனால், கன்று அங்கே கன்னு ஆவதுபோல மன்றாடியாரும் மன்னாடியார் ஆகிவிடுகிறார். இவர்கள் வேளாளப் பெருங்குடிகள். ஆடு மேய்த்தவர்கள் என்று யாரும் சொல்லவில்லை. நாட்டு வழக்கைக் கேட்டுத் தீர்த்ததால் வந்த பட்டம் என்பதே பொருத்தம். ஆனால் வரலாற்றுக்கு விளையாட்டுப் புத்தி உண்டு. காங்கயம் மாட்டினத்தின் பேர் இந்தியா முழுக்கப் பரவக் காரணமாக இருந்தவர்களில் முதலில் சொல்லப்படுபவர் பழையகோட்டை நல்லதம்பிச் சர்க்கரை மன்றாடியார். அவர் தொழுவத்தில் பார்த்துப் பார்த்துப் பெருக்கிய பெருமந்தையைக் குறிப்பிடாமல் அந்த இனத்தின் வரலாற்றை எழுத முடியாது. அவைக்காரனாகப் போன மன்றாடி, சுற்றி வளைத்து மாட்டிடமே வந்துவிட்டார்.

அந்த மாடு நிற்கும் கொறங்காட்டையும் சொல்லிவிட வேண்டும். மழை குறைந்த அந்த மேட்டு நிலத்தில் உழவைவிட மேய்ச்சல் நின்று பயன் தரும் என்று கண்டவர்கள், நிலத்தைச் சுற்றிக் கிளுவைப் போத்துகளை நட்டு உயிர்வேலி ஆக்கினார்கள். உள்ளே கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரம். கோடையில் புல் கருகினாலும் வெள்வேலங்காய் உதிரும், மாடு பொறுக்கித் தின்னும். செவலையாகப் பிறக்கும் கன்று ஆறு மாதத்துக்குள் நிறம் மாறும். பசு மயிலையாகும், காளைக்குத் திமிலும் முகமும் கறுத்துக் காரியாகும். இந்தக் காடுகளில் ஆளே நிற்க வேண்டியதில்லை; வேலிப்படலைச் சாத்திவிட்டு வந்துவிடலாம். மேய்ப்பவன் தேவைப்படாத மேய்ச்சல் நிலம் என்று ஒன்றைக் கொங்கு கண்டுபிடித்தது.

அதிகாரத்தைச் சொன்ன வினை கெஞ்சுதலுக்கு எப்படி இறங்கிற்று? மன்றில் இரண்டு வகை ஆட்கள் நின்றார்கள். ஒருவர் தீர்ப்புச் சொல்ல மன்றாடினார். எதிரே நின்றவர் தன் வழக்கை எடுத்துச் சொல்ல மன்றாடினார். முதலாமவர் சிலர், இரண்டாமவர் பலர். ஊர்மன்றுகள் ஒடுங்கி, அதிகாரம் பாளையக்காரன், ஜமீன், கச்சேரி என்று வேறு வேறு திண்ணைகளுக்குப் போனபோது முதல் வகை மன்றாட்டுக்கு வேலை இல்லாமல் போயிற்று. கையைக் கட்டிக்கொண்டு நிற்பவனின் மன்றாட்டு மட்டும் மிஞ்சியது. மக்கள் ஒரு சொல்லைத் தங்களுக்கு வாய்த்த பொருளில்தானே பேசுவார்கள்.

இறங்கிய அந்தச் சொல்லைக் கிறித்தவத் தமிழ் கோயிலுக்குள் கொண்டுபோயிற்று. கத்தோலிக்கத் திருப்பலியில் விசுவாசிகள் மன்றாட்டு உண்டு, மன்றாட்டு மாலை உண்டு. மறைமாவட்டத் தலைவரை முன்பு மேற்றிராணியார் என்றார்கள். சிரியத்திலிருந்து வந்த அந்தச் சொல் வாயில் நுழையாமல் போகவே ஆயர் என்று மாற்றிக்கொண்டார்கள், அவருக்கும் மேலே பேராயர். இன்று ஒரு பெருவிழாத் திருப்பலியில் ஆயர் தலைமை தாங்க மக்கள் மன்றாடுகிறார்கள். மேய்ச்சல் நிலத்திலிருந்து வந்த இரண்டு சொற்கள் பீடத்துக்கு மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக நிற்கின்றன. ஒன்று செங்கோல் பிடித்தது, மற்றது முழந்தாளிட்டது. அந்தச் செங்கோலும் உண்மையில் மேய்ப்பனின் வளைதடிதான்.

ஆடு மேய்ப்பவர்கள் தங்களை மன்றாடி என்று சொல்லிக்கொள்வதை விட்டு வெகுகாலம் ஆயிற்று. ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் மந்தைக்குத் தலைவராக இருப்பவர் கீதாரி. சு. தமிழ்ச்செல்வியின் நாவல் ஒன்றுக்கு அதுவே தலைப்பு. அறுவடை முடிந்து தஞ்சை, திருவாரூர் வயல்கள் காயும்போது கீதாரிகள் செம்மறிகளை நடத்திக் கொண்டுபோய்க் கிடை போடுவார்கள். வயல்காரரோடு பேச்சு முடித்து, ராத்திரி மந்தையை அந்த வயலில் அமர்த்துவது. விடிந்தால் புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்கு, நெல்லோ காசோ கீதாரிக்கு. மறுநாள் அடுத்த வயல். பகலில் தாயோடு ஓட முடியாத பிஞ்சுக் குட்டிகளைப் பெரிய மூங்கில் கூட்டுக்குள் கவிழ்த்து, ஒருவர் காவலிருப்பார். சாயங்காலம் மந்தை திரும்பிக் கூட்டைத் தூக்கியதும் நூற்றுக்கணக்கான குட்டிகள் கத்திக்கொண்டு ஓடும். இரண்டு மூன்று நிமிடத்துக்குள் ஒவ்வொன்றும் தன் தாய்மடியைக் கண்டுபிடித்துவிடும். தாயைத் தவறவிட்ட ஒன்றிரண்டைக் கீதாரி பார்த்த மாத்திரத்தில் எடுத்து உரிய ஆட்டிடம் விடுவார். தொண்ணூற்றாறைத் தொண்ணூற்றாறாகவே வைத்திருப்பது என்றால் இந்தக் கண் வேண்டும். கி. ராஜநாராயணனின் ‘கிடை’யைப் படித்தவர்களுக்கு மந்தைக்குள்ளும் ஒரு மன்று உண்டு, அங்கும் விசாரணையும் தீர்ப்பும் நடக்கும் என்பது தெரிந்திருக்கும்.

காட்டுக்குள் மேய்ப்பவர்களின் கதை வேறு திசையில் போயிற்று. 1882-ஆம் ஆண்டின் சென்னைக் காடுகள் சட்டத்துக்குப் பிறகு மேய்ச்சல் என்பது கட்டணமும் அனுமதிச் சீட்டும் சார்ந்த காரியமானது. 2006-இல் வந்த வன உரிமைச் சட்டம், ஓரிடத்தில் தங்கி மேய்ப்பவர்களுக்கும் பருவத்துக்கு இடம் மாறி மேய்ப்பவர்களுக்கும் மேய்ச்சல் உரிமை உண்டு என்று எழுத்தில் ஒப்புக்கொண்டது. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழகக் காடுகள் எல்லாவற்றிலும் கால்நடை மேய்க்கத் தடை விதித்தது. அதே மாதத்தில் அந்தத் தடையைப் புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்கா என்ற அளவுக்குச் சுருக்கியது. தேனிப் பக்கத்து மலைமாட்டுக்காரர்களுக்குத் தடை சுருங்கியும் பெரிதாக மிஞ்சவில்லை. அவர்கள் மேய்த்த மேகமலை சரணாலயம்தானே. இப்போது திங்கள்கிழமைக் குறைதீர் கூட்டங்களில் மனுக் கொடுக்கிறார்கள்.

சமவெளி ஊர்களில் பழைய மன்று நில ஆவணத்தில் உயிரோடு இருக்கிறது. வருவாய்த்துறைப் பதிவேட்டைப் புரட்டினால் மேய்க்கால் புறம்போக்கு என்றும் மந்தைவெளிப் புறம்போக்கு என்றும் தனித்தனி வகைப்பாடுகள் இருக்கும். மேய்க்கால், மாடு பகலில் மேயும் இடம். மந்தைவெளி, ஓட்டிப் போவதற்கு முன் ஊர் மாடெல்லாம் கூடி நிற்கும் இடம். மதுரைப் பக்கம் மந்தை என்றாலே ஊர்ப் பொதுத்திடல். பஞ்சாயத்து கூடுவதும் அங்கே, சாமி இறங்குவதும் அங்கே, மந்தையம்மன் என்று தெய்வமே உண்டு. மயிலாப்பூருக்கு அருகே இருக்கும் மந்தைவெளியில் இன்று பேருந்துப் பணிமனையும் ரயில் நிலையமும் இருக்கின்றன. மற்ற ஊர்களில் அந்த இடத்தில் பெரும்பாலும் நியாயவிலைக் கடை, மேல்நிலைத் தொட்டி, அங்கன்வாடி, ஊராட்சி மன்ற அலுவலகம். மாடு நிற்கிற இடம் என்று பதிவேட்டில் இருப்பதைக் கட்டடத்துக்காக மாற்றக் கேட்டுத் தாலுகா அலுவலகத்துக்குப் போகும் கோப்பில், ஊராட்சி மன்றத்தின் தீர்மான நகல் ஒன்றும் இணைத்திருப்பார்கள்.